பானெட்டில் மாம்பிசின்

செழியன் சொன்னதை அர்த்தநாரி இத்தனை வருஷமாக நம்பினார் என்றும் சொல்ல முடியாது, நம்பவில்லை என்றும் சொல்ல முடியாது. சில காலைகளில் கண் விழிக்கும்போது அது உண்மையாக இருக்கும். வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்வதற்குள் பொய்யாகிவிடும். செழியன், அவர் மனைவி அரசியின் தம்பி. தனக்காக ஒரு பொய் சொல்லத் தெரியாதவன். அடுத்தவர் மனசு நோகாமல் இருக்க வேண்டும் என்றால் மூச்சு விடுகிற மாதிரி சொல்லிவிடுவான். அங்கேதான் இடித்தது. இன்றைக்கும் அதே இடிப்போடுதான் அவர் தகரக் கொட்டகைக்குள், அரசியின் கருநீலக் கார் முன்னால், ஒரு குண்டானில் வெந்நீரும் தோளில் பழைய பனியன் துணியுமாக நின்றுகொண்டிருந்தார். சாயங்காலம் ஓசூரிலிருந்து மகள் நித்திலா வருகிறாள். அம்மா வண்டியை இனிமேல் தானே ஓட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள். கடையில் விட்டுப் பாலிஷ் போடலாம் என்றவளிடம் வேண்டாம், நானே பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். வேறொரு கை அதன்மேல் படக் கூடாது. அவளும் விடாமல் போனில் ஒவ்வொன்றாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். “அப்பா, வெயில்ல வெச்சுப் பண்ணாதீங்க. சொரண்டவே கூடாது, நகம்கூடப் படக்கூடாது. சுடுதண்ணித் துணிய மேல போட்டு ஊற விடுங்க. மசியலைன்னா தேங்கா எண்ணெய். அதுக்கும் மசியலைன்னா பஞ்சுல ஸ்பிரிட். அதையும் மொதல்ல கண்ணுக்குத் தெரியாத எடத்துல தொட்டுப் பாத்துட்டுத்தான், சரியா?” சரி. எல்லாம் சரி. கதவின் அடியில் ஸ்பிரிட்டைத் தொட்டுப் பார்த்தாயிற்று, பெயிண்ட் ஒன்றும் ஆகவில்லை. வண்டியின் உறையைக் கழற்றியதும் பானெட்டிலும் கூரையிலும் அந்தப் பிசின் துளிகள், தேன் காய்ந்து கல்லான நிறத்தில், சில மிளகளவு, சில புளியங்கொட்டையளவு. வாரத்துக்கு ஒருமுறை உறையை முன்பக்கம் மட்டும் தூக்கி, இன்ஜினைச் சித்த நேரம் ஓடவிட்டு, மறுபடி மூடியிருக்கிறார். துளிகளை மட்டும் தொட்டதில்லை. சோம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தார். சோம்பல் இல்லை. இந்த வண்டி அரசி போன அன்றைக்கு எங்கே நின்றது, எவ்வளவு நேரம் நின்றது என்பதற்கு செழியனைத் தவிர வேறு ஏதாவது சாட்சி இருக்குமென்றால் அது இவைதான். அவற்றைத்தான் இப்போது வெந்நீரில் ஊறவைக்கப்போகிறார்.

முதல் துளிமேல் துணியை விரித்தார். ஆவி மெல்ல எழுந்தது. சூடு உள்ளங்கையில் ஏறியது. ஊற வேண்டும், அவசரப்படக் கூடாது. அவசரம் அரசிக்குக் கிடையாது, அவருக்குத்தான். வெயில் என்று சொல்லி எங்கே போனாலும் மரத்தடி பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவாள். அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் தூங்குமூஞ்சி மரம், கோயிலில் வேம்பு. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் குந்தி உட்கார்ந்து பசை துடைத்துக்கொண்டே திட்டுவார், ஏன்டி உனக்கு நிழலே இல்லாத எடம் ஒண்ணுகூடக் கண்ணுல படாதா? அதற்கு அவள், “படும். ஆனா வெயில்ல கொதிச்ச சீட்டுல உக்காந்து வர்றது நீங்க இல்லையே” என்பாள். அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. நாற்பது தாண்டி வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவள். கற்றுக்கொடுத்தது அவர். அவருக்கு மின்வாரியத்தில் ஷிப்ட் வேலை. பகலில் வீட்டில் இருக்கிற நாள்களில் சமையல் அவர் பொறுப்பு. ஊரில் செல்போன் வந்த புதிதில், பேசினால் காசு போகும் என்பதற்காக இரண்டு பேரும் ஒரு ஏற்பாடு வைத்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடம் விட்டுக் கிளம்பும்போது அவள் ஒரே ஒரு ரிங் விட்டுக் கட் பண்ணுவாள். கிளம்பிட்டேன் என்று அர்த்தம். அவர் எடுக்கக் கூடாது. எடுத்தால் கோபம் வரும், காசு போச்சே என்று. அப்புறம் பேசுவது இலவசமாகிவிட்டது, ஆனால் அந்த ரிங் போகவில்லை. அந்த ஒற்றைச் சத்தத்துக்கு அவர் உடம்பு பழகியிருந்தது. ரிங் வந்ததும் கை தானாக அடுப்பைப் பற்றவைக்கும். அன்றைக்கும் வந்தது. எப்போதும் வருகிற நேரத்துக்கே வந்தது. ஒரே ரிங். அவர் பார்த்தார், சிரித்துக்கொண்டார், ஆம், சிரித்துக்கொண்டார், அது அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, தோசைக்கல்லை வைத்துவிட்டுத் தேங்காயைத் துருவ உட்கார்ந்தார். பொட்டுக்கடலை, பச்சை மிளகாய், உப்பு. உப்புச் சரியாக இருக்கிறதா என்று நாக்கில் வைத்துப் பார்த்தார். அந்த நேரம் அவள். அந்த நேரம் அவள் என்ன... அந்தச் சட்னியை யார் எடுத்துக் கொட்டினார்கள் என்று இன்றுவரை தெரியவில்லை. காரியத்துக்கு வந்த பெண்களில் யாரோ. மிக்ஸி ஜாடியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

துணி ஆறிவிட்டது. நனைத்துப் பிழிந்து மறுபடி போட்டார். துளியின் ஓரம் லேசாக வெளுத்திருந்தது, இன்னும் இளகவில்லை. அன்றைக்கு அவள் மதியமே கிளம்பிவிட்டாள். அது அவருக்கு அப்புறம்தான் தெரியும். தலை சுற்றுகிறது என்று தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மணி அடித்ததும் கிளம்பியிருக்கிறாள். அப்போது ரிங் விடவில்லை. ஏன் விடவில்லை? மதியத்தில் ரிங் வந்தால் அவர் பதறுவார் என்று. அவளுக்கு அது தெரியும். வழியில் செழியன் குத்தகைக்கு எடுத்திருந்த மாந்தோப்பு. சாலையோரம் தோப்பின் முதல் வரிசை மரத்தடியில் வண்டியை நிறுத்தியிருக்கிறாள். அதற்குப் பிறகு நடந்தது முழுக்க செழியன் சொன்னது. தோப்புக்கு மருந்தடிக்க ஆள் பேசிவிட்டுச் சாயங்காலம் பைக்கில் வந்தவன் அக்கா வண்டி நிற்பதைப் பார்த்தான், கண்ணாடியைத் தட்டினான், திறந்து பார்த்தான், உயிர் எப்போதோ போயிருந்தது. சீட்டைச் சாய்த்துத் தூங்குகிற மாதிரி இருந்தாள். வண்டி நின்ற உடனேயே போயிருக்கும், வலி தெரிந்திருக்காது. அவன் அதே வண்டியை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அர்த்தநாரி தூணில் சாய்ந்துகொண்டு, ரிங் வந்துச்சே மாப்ள, ஒரு ரிங் வந்துச்சே, நான் அவ கிளம்பிட்டான்னு நெனச்சு, என்று ஆரம்பித்தார். ஆரம்பித்ததுதான், முடிக்கக்கூட இல்லை. “அது நான் மாமா. அக்கா போன்லருந்து நான்தான் அடிச்சேன். ஒரு ரிங் போனதும் எப்படிச் சொல்றதுன்னு தெரியல, கட் பண்ணிட்டேன்.” அவ்வளவு வேகமாக ஒரு பதில் எங்கிருந்து வரும்? கேள்வி வாயை விட்டு வெளியே வரும் முன்பே அவன் அதைக் கையில் ஏந்திக்கொண்ட மாதிரி. உண்மையாக இருந்தால் அவனே முதலில் சொல்லியிருப்பானே, மாமா உங்களுக்குத்தான் அடிச்சேன் என்று? ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு எது முதலில் வரும்? உண்மைகூட வேகமாக வரலாம். பொய்தான் தயங்கும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். செழியனின் பொய் தயங்காது, அதுதான் பிரச்சினை. அவருடைய போனில் ரிங் வந்த நேரம் இருந்தது. செழியன் தோப்புக்கு வந்த நேரம் செழியன் வாயில் மட்டும்தான் இருந்தது.

நகம் தன்னை அறியாமல் துளியின் ஓரத்துக்குப் போனது. கையை இழுத்துக்கொண்டார். சொரண்டவே கூடாது. தேங்காயெண்ணெயை விரலில் தொட்டு வட்டமாகத் தடவினார். சட்னித் தேங்காயின் வாசம் அடித்தது, உடனே எண்ணெயை வைத்துவிட்டு ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்தார். அது இன்னும் மோசம், ஊசி போடுகிற வாசனை, ஆஸ்பத்திரி வராந்தா. பஞ்சை நனைத்துத் துளிமேல் வைத்து அழுத்தாமல் பிடித்துக்கொண்டார். குளிர்ந்தது. பஞ்சில் தேயிலைச் சாயம் மாதிரி ஒரு நிறம் ஏறியது. இளகுகிறது. மனசுக்குள் ஏதோ ஒன்று வேண்டாம் வேண்டாம் என்றது. இந்த ஒரு துளி தூங்குமூஞ்சி மரத்தினுடையதாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை துடைத்த வண்டி, அதற்குப் பிறகு பள்ளிக்கூட மரத்தடியில் நின்ற நாள்களும் இருக்கிறதே. அப்படியானால் இதில் ஒன்றும் இல்லை, துடைத்து எறியலாம். தோப்பினுடையது என்றால்? இவ்வளவு துளி விழ வேண்டுமென்றால் மதியத்திலிருந்து சாயங்காலம்வரை நின்றிருக்க வேண்டும். நின்றதில் சந்தேகமில்லை. வண்டி நின்றது. உள்ளே அவள் எப்படி இருந்தாள், அதைத்தானே எந்தத் துளியும் சொல்லாது. உடனே போய்விட்டாளா? சீட்டைச் சாய்த்துக்கொண்டு, கொஞ்சம் சரியானதும் போகலாம் என்று, கண்ணாடிமேல் சொட்டுச் சொட்டாக விழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாளா? பள்ளிக்கூடம் விடுகிற நேரம்வரை இருந்தாளா? அப்புறம், வழக்கமான நேரம் வந்துவிட்டதே, ரிங் வராவிட்டால் மனுஷன் பயந்துவிடுவாரே என்று, அவர் பயப்படக் கூடாது என்பதற்காக மட்டும், ஒரே ஒரு ரிங். அரசி அப்படிச் செய்யக்கூடியவள். நித்திலா பிறந்த அன்றைக்கு வலி எடுத்த பிறகும் அவருக்குக் காலைப் பலகாரம் செய்து வைத்துவிட்டுத்தான் ஆட்டோ ஏறினாள். அப்படியானால் அவள் கூப்பிட்டாள். கூப்பிட்டது உதவிக்கா, ஏமாற்றவா, விடைபெறவா? எதுவானாலும் அவர் அடுப்பைப் பற்றவைத்தார். பஞ்சைத் தூக்கிப் பார்த்தார். துளி போயிருந்தது. அது இருந்த இடத்தில் பெயிண்ட் மங்கி ஒரு வட்டம். பாலிஷ் போட்டாலும் போகாது போலிருந்தது.

வாசல் கேட் கிறீச்சிட்டது. செழியன்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கையில் ஒரு தகர டப்பா. தலை பாதி நரைத்திருந்தது. சிரித்தால் மட்டும் அரசியின் பல்வரிசை.

“என்ன மாமா, காலங்காத்தால வண்டிக்கு ஒத்தடமா? காச்சலா அதுக்கு?”

“வா மாப்ள. செருப்ப அங்கயே விடு, தண்ணி கெடக்குது. கையில என்ன?”

“தின்னரு. பெயிண்டுக் கடைக்காரன் ஒரே தேய்ப்புல போயிரும்னான்.”

“போகும். பிசினும் போகும், பெயிண்டும் போகும். அப்புறம் உன் மருமக வந்து நம்ம ரெண்டு பேர் தோலையும் உரிப்பா. அந்த மூலையில வை அதை.”

“உரிப்பா உரிப்பா. அவ வாயி அப்படியே...” என்றவன் நிறுத்திக்கொண்டான். அப்படியே அக்கா என்று முடிந்திருக்கும். டப்பாவைச் சுவரோரம் வைத்துவிட்டு, கேட்காமலே ஒரு துணியை எடுத்து வெந்நீரில் முக்கி, “ஸ்ஸ், சுடுது” என்று கையை உதறிக்கொண்டு, கூரைப் பக்கம் போனான். “நானும் ஒரு பக்கம் பாக்கறேன். நீங்க இப்படி ஒவ்வொண்ணா மந்திரிச்சிட்டு இருந்தா பொண்ணு வந்து டீ குடிச்சிட்டுத் திரும்பிப் போயிருவா.”

இரண்டு பேரும் வண்டிக்கு இரண்டு பக்கமும் நின்றார்கள். செழியனின் கை மரத்தோடு பழகிய கை, ஊறிய துளியை வழித்து விரல்களுக்கு நடுவே உருட்டினான், மூக்கருகே கொண்டுபோனான். அனிச்சையாகச் செய்தான், சந்தையில் ஒரு பழத்தை மோந்து பார்க்கிற மாதிரி. முகம் மாறியது. விரலை வேட்டியில் அவசரமாகத் துடைத்துக்கொண்டான். அர்த்தநாரி பார்த்துவிட்டார். பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். தோப்பு மரத்தினுடையது. தெரிந்துவிட்டது, ஆனால் தெரிந்து என்ன? இப்போது கேட்கலாம். எத்தனை நேரம் நின்னா இவ்வளவு விழும் மாப்ள என்று சாதாரணமாக, மாங்காய் விலை கேட்கிற மாதிரி கேட்டுவிடலாம். “காபி குடிக்கறியா?” என்றார். செழியன் தலையை நிமிர்த்தாமல், “வேண்டாம் மாமா” என்றான். பிறகு, யாரும் கேட்காத ஒன்றுக்குப் பதில் சொல்கிற மாதிரி, “மாசி மாசம் தோப்புக்குள்ள சித்த நேரம் நின்னாப் போதும். அதுவும் அந்த வருஷம் பூச்சி வேற. தூறல் மாதிரி விழும். நின்ன ஒடனே விழும்” என்றான். நின்ன உடனே. மறுபடியும் அதே வேகம். கேள்வி வரும் முன்பே கையில் ஏந்திக்கொள்கிற அதே வேகம்.

அவனும் இதைச் சுமந்துகொண்டுதான் அலைகிறான் என்பது அப்போதுதான் அர்த்தநாரிக்கு உறைத்தது. உறைத்ததே தவிர இளகவில்லை. இவன் என்னைக் காப்பாற்றுகிறான் என்றால் எதிலிருந்து? அவள் கூப்பிட்டாள் என்பதிலிருந்து. சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். அவன் சொல்வது உண்மை, ரிங் விட்டது அவன். அப்படியானால் அவள் கூப்பிடவில்லை. மதியத்தில் கிளம்பும்போதும் கூப்பிடவில்லை, மரத்தடியில் நிறுத்தியபோதும் கூப்பிடவில்லை. இத்தனை வருஷத்து வாழ்க்கையில் ஒரு விரல் அழுத்தலுக்குக்கூட அவர் நினைவு வரவில்லை. அதுவும் தாங்க முடியவில்லை. கூப்பிட்டிருந்தால் அவர் சட்னி அரைத்தார். கூப்பிடாவிட்டால் அவள் அவரை நினைக்காமலே போனாள். இரண்டில் எது வேண்டும்? ராத்திரி படுக்கும்போது ஒன்று, விடியும்போது இன்னொன்று. சில நாள் அவள் கூப்பிட்டிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொள்வார். சில நாள் கூப்பிட்டிருக்க வேண்டுமே என்று பிச்சை கேட்பார், அந்தப் பாவம் என் தலையில் விழட்டும், பரவாயில்லை, அவள் விரல் என் பேரைத் தேடியிருக்க வேண்டும். இந்த இரண்டாவது ஆசையை நினைக்கும்போதெல்லாம் அவருக்குத் தன்மேல் அருவருப்பு வரும். அவள் மணிக்கணக்கில் தவித்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிற மாதிரி அல்லவா அது? இல்லை, அப்படி இல்லை. அப்படித்தான். பஞ்சு காய்ந்துபோய்ப் பெயிண்டில் உரசியது. மறுபடி ஸ்பிரிட்டில் நனைத்தார். முன்கண்ணாடியில் வைப்பர் போட்ட வளைவு இன்னும் இருந்தது. செழியன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டும்போது போட்டது. பசையைத் தள்ளாமல் இழுத்துப் பரப்பியிருந்தது, எண்ணெய்க் கை பட்ட மாதிரி ஒரு பிறை. அதன் வழியாகத்தான் அவன் சாலையைப் பார்த்து ஓட்டியிருக்கிறான், பக்கத்துச் சீட்டில் அக்காவைச் சாய்த்து வைத்துக்கொண்டு. பேசிக்கொண்டே போனானா? அழுதானா? அதை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அந்தப் பிறையின்மேல் வெந்நீர்த் துணியைப் போட்டார்.

கூரை முடிந்துவிட்டது என்றான் செழியன். “உள்ளயும் ஒருவாட்டி தட்டிரலாம் மாமா, தூசி அப்பிக் கெடக்கு” என்று பின் கதவைத் திறந்து, குனிந்து, தரையில் கிடந்த ரப்பர் விரிப்பை உருவினான். பின்சீட்டுக்குக் கீழே, வலது பக்கம். அங்கே எப்போதும் அரசியின் கைப்பை இருக்கும். முன்னால் இருக்காது. புதிதாக ஓட்ட ஆரம்பித்த நாள்களில் போன் அடித்ததும் குனிந்து துழாவி ஒரு சுவரில் இடித்துவிட்டாள். அன்றிலிருந்து அவர் போட்ட சட்டம்: பை பின்னாடி, போன் பைக்குள்ள, ஜிப்பு மூடியிருக்கணும், ஓட்டுறப்ப கைக்கு எட்டக் கூடாது. அவள் முகத்தைச் சுழித்துக்கொண்டே அதை மீறாமல் இருந்தாள். சீட்டில் உட்கார்ந்துகொண்டு எட்டினால் அந்தப் பை கைக்கு வராது. உடம்பு சரியில்லாதவளுக்கு நிச்சயம் வராது. இறங்கி, பின் கதவைத் திறந்து, குனிந்து எடுத்தால்தான் உண்டு. இல்லையென்றால் அவள் ஏறும்போதே, தலை சுற்றுகிறதே, எதற்கும் கையில் இருக்கட்டும் என்று சட்டத்தை மீறி மடியில் போட்டுக்கொண்டிருக்க வேண்டும். போன் பைக்குள்ளேயே இருந்திருந்தால் ரிங் அவனுடையது, வெளியே இருந்திருந்தால் அவளுடையது. இத்தனை வருஷமாகத் துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு இது ஏன் தோன்றவில்லை? தோன்றியிருக்கும். தோன்றவிடாமல் வைத்திருப்பார். கையிலிருந்த துணியிலிருந்து தண்ணீர் சொட்டிக் கால்விரலில் விழுந்தது. இதற்கு அவனிடம் தயாரான பதில் இருக்காது. இதை யாரும் அவனிடம் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்காமல் விட்டுவிடலாம். சாயங்காலம் பிள்ளை வருவாள், சாவியைக் கொடுத்துவிட்டு, மெதுவா ஓட்டு சாமி என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். செழியன் விரிப்பைச் சுவரில் அடித்து உதறினான். தூசி வெயிலில் எழுந்து நின்றது. இருமிக்கொண்டே திரும்பியவன் அவர் முகத்தைப் பார்த்து, “என்ன மாமா, தலை கிலை சுத்துதா? உக்காருங்க மொதல்ல” என்று கையை நீட்டிக்கொண்டு வந்தான். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். பிசினும் எண்ணெயுமாக இரண்டு கைகளும் ஒட்டிக்கொண்டன. விடவில்லை.

“செழியா, நீ கதவத் தொறந்தப்ப அவ போன் எங்கடா இருந்துச்சு?”